ஸ்கின் கலர் என்றால் யாருடைய ஸ்கின்?

போன மாதம் பார்லருக்கு ஒரு டீச்சர் வந்தார். உட்கார்ந்ததும் கைப்பையைத் துழாவி ஒரு சுருக்குப்பையை எடுத்து மேசையில் கவிழ்த்தார். ஐந்து நெயில் பாலிஷ் பாட்டில்கள் உருண்டன. "எல்லாமே ஸ்கின் கலர்தாங்க்கா. வேற வேறன்னு நெனச்சுதான் வாங்குதேன். வீட்டுக்கு வந்து பாத்தா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு. எதப் போட்டாலும் கை கருத்துத் தெரியுது" என்றார்.

பாளையங்கோட்டையில் 15 வருடமாக பார்லர் நடத்துகிறேன். மாதம் இரண்டு மூன்று பேராவது இதே குறையோடு வருகிறார்கள். டீச்சர்கள், பேங்க் வேலைக்குப் போகிறவர்கள், கண்ணைப் பறிக்கிற கலர் போட்டால் மாமியார் முகம் சுளிப்பாரோ என்று பயப்படும் புது மருமகள்கள். சிவப்பு வாங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சிவப்பு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சிவப்புதான். நியூடு, பீஜ் என்கிற அடங்கின நிறங்கள் தோலை ஒட்டியே நிற்பவை. இம்மி பிசகினாலும் கை வேறு, நகம் வேறு என்று தெரிந்துவிடும்.

டீச்சரின் இடது கையில் விரலுக்கு ஒரு பாட்டிலாக இரண்டு கோட் போட்டேன். டியூப்லைட்டுக்குக் கீழே முதல் மூன்று விரலும் ஒரே நிறம்தான், எனக்கே பிரித்துச் சொல்ல வரவில்லை. காய்ந்ததும், "வாங்க டீச்சர், வாசலுக்குப் போவோம்" என்று கூட்டிக்கொண்டு போனேன். காலை பத்தரை மணி, வெயில் நேராகப் படாத இடம். அங்கே கட்டைவிரல் ரோஸ் கலந்த காவியாகத் தெரிந்தது. ஆள்காட்டி விரல் பத்தமடைப் பாயின் கோரை போல மஞ்சள் பக்கம் சாய்ந்தது. நடுவிரல் தாமிரபரணியின் காய்ந்த மணல், அதில் சாம்பல் ஓடியது. மோதிர விரலில் நுங்கு மாதிரி நகம் உள்ளே தெரிந்தது. சுண்டுவிரல்தான் பரிதாபம், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தொட்ட விரல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. கை கருத்துத் தெரிய அதுதான் காரணம். அவர் மாநிறம். பக்கத்தில் வெள்ளையை வைத்தால் மாநிறம் கருப்பாகத்தான் தெரியும்.

ஜவுளிக்கடையில் பட்டுச்சேலையை வாசலுக்கு எடுத்துவந்து விரித்துப் பார்க்காமல் பில் போட விடுவோமா? மேட்சிங் பிளவுஸ் துணிக்குக்கூட முந்தானையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருகிறவர்கள், நெயில் பாலிஷை மட்டும் கண்ணாடி அலமாரிக்குள் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். டியூப்லைட்டுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் பகலில் பிரிந்து நிற்கும். இரண்டிலும் சேர்ந்திருக்கும் நிறமிகள் வேறு வேறு, ஒளி மாறும்போது அவை திருப்பிக் கொடுப்பதும் மாறும்.

அந்த நிறமிகளும் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. சிவப்பு, மஞ்சள், கருப்புக்கு இரும்பு ஆக்சைடுகள். ரோஸ் சாயலுக்குக் கூடுதலாகச் சில செயற்கைச் சாயங்கள். திசையன்விளைப் பக்கம் தேரி மணல் சிவந்து கிடக்கிறதே, அந்தச் சிவப்புக்குக் காரணமும் இரும்பு ஆக்சைடுதான். (அதை அள்ளிவந்து குழைத்தால் பாலிஷ் ஆகிவிடுமா என்று ஒரு காலேஜ் பிள்ளை கேட்டாள். ஆகாது. பாலிஷில் போடுவது தொழிற்சாலையில் சுத்தமாகத் தயாரிப்பது.) மஞ்சள் ஒரு துளி கூடினால் பீஜ், கருப்பு ஒரு துளி கூடினால் டோப் என்கிற சாம்பல் பழுப்பு. டோப் என்பது பிரெஞ்சில் அகழெலியின் பெயர். வாங்குகிறவர்களுக்கு இது தெரியாமல் இருப்பது நல்லது என்று நினைத்துக்கொள்வேன்.

லேபிளைப் படித்து ஒப்பிடலாம் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. லேபிளில் நிறமிகளைக் குறிக்கும் சி.ஐ. (கலர் இண்டெக்ஸ்) எண்கள் இருக்கும். சி.ஐ. 77891 என்றால் டைட்டானியம் டை ஆக்சைடு. 77491, 77492, 77499 முறையே சிவப்பு, மஞ்சள், கருப்பு இரும்பு ஆக்சைடு. ஆனால் பல கம்பெனிகள் 'இவை கலந்திருக்கலாம்' என்று வரிசையில் உள்ள எல்லா நிறத்துக்கும் ஒரே பட்டியலை அச்சடித்துவிடுகின்றன. எந்தப் பாட்டிலில் எது எவ்வளவு என்று அதில் இருக்காது. நிறத்தின் பெயரையும் நம்ப முடியாது, அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 'ஸ்கின் கலர்' என்ற பெயரோ இன்னும் மோசம், முதலில் யாருடைய தோல் என்று சொல்ல வேண்டாமா? கிரேயோலா என்ற அமெரிக்க கிரேயான் கம்பெனி, 'சதை' என்று பொருள்படும் 'ஃபிளெஷ்' என்ற தன் நிறத்தின் பெயரை 1962-ல் 'பீச்' என்று மாற்றியது. நம் கடைகளில் இன்னும் ஸ்கின் கலர்தான்.

நானும் சறுக்கியவள்தான். தொழிலுக்கு வந்த புதிதில் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கல்யாண வீடு. முந்தின நாள் ராத்திரி, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பெண்ணுக்கு ஒரு பீஜ் தேர்ந்தெடுத்துப் போட்டேன், அவ்வளவு அழகாக இருந்தது. மஞ்சள் வெளிச்சம் எதையும் மஞ்சளாக்கும், அதற்குள் ஒளிந்திருந்த சாம்பல் எனக்குத் தெரியவில்லை. காலையில் மண்டபத்தில் மருதாணிச் சிவப்புக்குப் பக்கத்தில் அந்த நகங்கள் விறைத்துப்போன மாதிரி இருந்தன. பெண் ஒன்றும் சொல்லவில்லை. ஆல்பம் வந்த பிறகு அவள் மைனிதான் கேட்டாள்: "நகத்துக்கு என்னத்தக்கா பூசுனீங்க? கையில ரத்தமே இல்லாத மாதிரி இருக்கு?" அன்றிலிருந்து ராத்திரியில் நிறம் முடிவு செய்வதில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? வாங்கப் போகும் இரண்டையும் பக்கத்துப் பக்கத்து விரலில் போடுங்கள். கடையில் வெள்ளை பிளாஸ்டிக் நகத்தில் பூசி வைத்திருக்கும் மாதிரியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நம் நகத்துக்கு அடியில் இருப்பது வெள்ளை அல்ல. நுங்கு மாதிரிப் பாலிஷுக்கு இது இன்னும் முக்கியம். ஒரு கோட்டில் உங்கள் நகத்தின் நிறமும் சேர்ந்துதான் தெரியும், மூன்றாவது கோட்டில் அது ஆளே மாறிவிடும். அதனால் இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கையில் கோட் போட வேண்டும். முழுக்கக் காயும்வரை பொறுக்க வேண்டும், ஈரத்தில் தெரிவது கடைசி நிறம் அல்ல. அப்புறம் வாசல். விரலின் மேல்தோலோடு ஒட்டிப் பாருங்கள், உள்ளங்கையோடு அல்ல. மாநிறத்துக்கும் கருப்புக்கும் தோலைவிட ஒரு படி அடர்ந்த, ரோஸோ காவியோ கலந்த நிறம்தான் பெரும்பாலும் கைகொடுக்கிறது. மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்லும் வீடியோக்களை நான் நம்புவதில்லை. நம் தோலில் பாதிப் பேருக்கு நரம்பே சரியாகத் தெரியாது.

பாட்டிலைக் குலுக்கக் கூடாது, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் அரை நிமிடம் உருட்ட வேண்டும். நிறமிகள் கனமானவை, அடியில் தங்கிவிடும். உருட்டாமல் மேலாகத் தொட்டுப் போட்டால் அது வேறு நிறம். ஜன்னல் ஓரத்தில் வெயில் பட்டுக் கிடந்த பாட்டிலில் வெளிர் நிறம் மஞ்சளடிக்கும், பாலிஷுக்கு உடம்பாக இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் வெயிலில் மஞ்சளாகும் பொருள். ஆகவே போன வருடத்துப் பழைய பாட்டிலை வைத்துக்கொண்டு, 'அதே நம்பர்தானே வாங்கினேன், ஏன் வேற மாதிரி இருக்கு' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கெட்டியாகிவிட்டால் ரிமூவர் ஊற்றுவது பெரிய தப்பு, பூச்சே கெட்டுப்போகும். அதற்கென்று தின்னர் விற்கிறது. இன்னொன்று, மஞ்சள்தூள் போட்ட குழம்பைப் பிசைந்து சாப்பிடுகிற ஊர் நமது. வெளிர் பாலிஷ் இரண்டே நாளில் சந்தன நிறத்துக்கு வந்துவிடும். மேலே ஒரு டாப் கோட் இருந்தால் கொஞ்சம் தாங்கும்.

டீச்சரின் கதை பாலிஷோடு முடியவில்லை. ஐந்து விரலையும் துடைத்த பிறகு பார்த்தேன், நகத்தின் அடி வெளுத்திருந்தது. என் விரலைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கோடை லீவிலிருந்து ஒரு நாள்கூட நகத்தைச் சும்மா விடவில்லையாம், ஒன்றைத் துடைத்த அன்றே அடுத்ததைப் போட்டுவிடுவாராம். இந்த அடங்கின நிறங்களில் இது ஒரு வம்பு. சிவப்பு போட்டவருக்கு நகம் மறைந்திருப்பது தெரியும். ரோஸ் நியூடு போட்டால், வெளுத்த நகமும் பார்ப்பவர் கண்ணுக்கு நல்ல ரத்த ஓட்டமுள்ள நகமாகத்தான் இருக்கும். வெளுப்பு, நீலம் பாய்வது, நகத்தில் புதிதாக ஒரு கருங்கோடு, எல்லாம் அதற்கு அடியில் போய்விடும்.

எனக்கு வைத்தியம் தெரியாது, "ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாருங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னேன். டாக்டரைப் பார்க்கப் போகும்போதும் ஆபரேஷனுக்கு முன்பும் பாலிஷைத் துடைக்கச் சொல்வது இதற்காகவும்தான். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியும் நகத்தின் வழியே ஒளி பாய்ச்சித்தான் அளக்கிறது. அடர் நிறங்கள்தான் அதை அதிகம் குழப்பும் என்றாலும், நியூடு போட்டவர்களுக்குப் போட்டிருப்பதே மறந்துபோகிறது.

பத்து நாள் கழித்து டீச்சர் புருவம் திருத்த வந்தார். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். நகத்தில் பாலிஷ் இல்லை. கட்டைவிரல் பாட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நாலையும் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டாராம். "அவ என்னவிட வெளுப்புக்கா. அவளுக்கு அந்தச் சுண்ணாம்புகூட நல்லாத்தான் இருக்கு" என்றார்.