படுக்கும்போது முனகும் வயதான நாய்: சத்தம் எந்த நொடியில் வருகிறது?

"வயசாயிடுச்சு டாக்டர், படுக்கும்போது ஒரு முனகல் விடுது. மத்தபடி நல்லாத்தான் இருக்கு." தடுப்பூசிக்கோ உண்ணி மருந்துக்கோ வந்தவர்கள் கிளம்பும் நேரத்தில் போகிறபோக்கில் இப்படிச் சொல்வார்கள். வந்த வேலையைவிடப் பல நேரம் இந்த ஒரு வரிதான் முக்கியமானதாக இருக்கும். நாய் வலியைக் காட்டிக்கொள்ளத் தயங்கும் பிராணி. நொண்டத் தொடங்குவதற்கு முன்பே அது படுக்கும் விதம் மாறிவிடலாம்.

எல்லா முனகலும் வலி அல்ல. சில நாய்கள் குட்டியிலிருந்தே படுத்தவுடன் மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு விடும். கண் பாதி மூடியிருக்கும், கைகால் தளர்ந்திருக்கும், ஒரு நிமிடத்தில் தூங்கிவிடும். இது நிம்மதிச் சத்தம், இதை விட்டுவிடலாம். புதிதாகத் தொடங்கிய முனகலும், நாளுக்கு நாள் கூடிவரும் முனகலும்தான் விசாரிக்க வேண்டியவை. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களில் ஏழு வயதிலிருந்தும், ஸ்பிட்ஸ், டாஷண்ட் போன்ற சிறிய இனங்களில் ஒன்பது பத்து வயதிலிருந்தும் இதைக் கவனிக்கத் தொடங்குங்கள்.

கவனிக்க வேண்டியது சத்தத்தின் அளவை அல்ல, அது வரும் நேரத்தை.

உடலை இறக்கும்போதே முனகினால் முதலில் மூட்டையும் முதுகெலும்பையும் சந்தேகிக்க வேண்டும். இடுப்பு மூட்டில் தேய்மானம் உள்ள நாய் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, பின்பக்கத்தைப் பாதி வரை மெதுவாக இறக்கும். அதற்குமேல் தாங்க முடியாமல் தொப்பென்று விழும், முனகல் அந்த இடத்தில் வரும். முழங்கை வலி உள்ள நாய் முதலில் உட்கார்ந்துவிடும். பிறகு முன்கால்களை ஒவ்வொரு அடியாக முன்னால் நகர்த்தும், கடைசியில் முழங்கை மடங்கும் நொடியில்தான் சத்தம் போடும். லேப்ரடாரில் இது மிகச் சாதாரணம். இருந்தும் வீட்டில் எல்லோரும் பின்கால்களை மட்டுமே பார்ப்பதால் தவறிப்போகிறது. பின்காலின் முட்டியில் தசைநார் அறுந்திருந்தால், உட்காரும்போது அந்தக் காலை மட்டும் பக்கவாட்டில் நீட்டி வைத்துக்கொள்ளும்.

இடுப்புக்கு அருகே முதுகெலும்பில் நரம்பு நசுங்கும் நாய், படுப்பதைவிட எழும்போது அதிகம் முனகும். காரில் ஏறத் தயங்கும், வாலைத் தூக்காது. மலம் கழிக்கக் குந்தியபடி நிற்க முடியாமல் நடந்துகொண்டே கழிக்கும். டாஷண்ட் வீட்டில் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: முதுகு வலிக்குப் பிறகு பின்கால்கள் தள்ளாடினாலோ இழுபட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கால் விரலைக் கிள்ளினாலும் உணராத நிலைக்குப் போய்விட்டால், ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் அது மீண்டும் நடக்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

படுத்து முடித்த பிறகு, சில நொடிகளோ சில நிமிடங்களோ கழித்து முனகினால் கதை வேறு. வயிறு தரையில் அழுந்தும்போது உள்ளே வீங்கிய உறுப்பு ஏதாவது நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த நாய்கள் படுக்கும், முனகும், எழுந்துவிடும், பக்கம் மாற்றிப் படுக்கும், மெத்தையை விட்டுக் குளிர்ந்த டைல்ஸுக்குப் போகும். முன்கைகளைத் தரையில் ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால் அது வயிற்று வலி. கொழுப்புக் கறியோ பிரியாணி மிச்சமோ சாப்பிட்ட மறுநாள் இப்படி நின்று வாந்தியும் எடுத்தால் கணையம் வீங்கியிருக்கலாம். கருத்தடை செய்யாத பெட்டை, பருவம் முடிந்த ஒன்றிரண்டு மாதங்களுக்குள் அதிகமாகத் தண்ணீர் குடித்துச் சோர்ந்து கிடந்தால், கருப்பையில் சீழ் பிடித்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். கருத்தடை செய்யாத ஆண் நாயில் புராஸ்டேட் சுரப்பி வீங்கி, மலம் தட்டையாக, முக்கி முக்கி வரும்.

மண்ணீரல் கட்டியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் இனங்களில் வயதான காலத்தில் இது அதிகம். ஒரு நாள் மாலை நாய் திடீரெனத் துவண்டு படுத்துவிடும், ஈறு வெளுத்திருக்கும். மறுநாள் காலை எழுந்து சாப்பிடும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். உண்மையில் கட்டி கசிந்து வயிற்றுக்குள் ரத்தம் போயிருக்கிறது, அதில் ஒரு பகுதியை உடல் திரும்ப உறிஞ்சிக்கொண்டதால்தான் தேறியதுபோலத் தெரிகிறது. அடுத்த கசிவு பெரிதாக இருக்கலாம். ஒரு நாள் துவண்டு மறுநாள் தேறிய முதிய நாய்க்கு, தேறிய அன்றே வயிற்று ஸ்கேன் எடுங்கள்.

மூன்றாவது வகை, ஒவ்வொரு மூச்சு விடும்போதும் வரும் முனகல். இதயமோ நுரையீரலோ சரியில்லாத நாய் படுக்கவே பயப்படும். முழங்கைகளை உடலைவிட்டு அகட்டி, கழுத்தை நீட்டி உட்கார்ந்தே தூங்கிவழியும். இதை வீட்டிலேயே அளக்கலாம். நாய் நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு தடவை என்று வைத்து, முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தூக்கத்தில் நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து வந்தால் இதயத்தையும் நுரையீரலையும் பரிசோதிக்க வேண்டும். கனவு காணும்போது எண்ணாதீர்கள், கணக்கு தப்பும்.

நம் ஊரில் இன்னொன்றை மறக்கக் கூடாது: உண்ணிக் காய்ச்சல். பழுப்பு உண்ணி நாயின் மேல் மட்டும் இருப்பதில்லை. சுவர் விரிசலிலும் கூண்டு இடுக்கிலும் முட்டையிட்டுப் பெருகுவதால் ஆண்டு முழுவதும் விடாது. அது பரப்பும் எர்லிக்கியா கிருமி மண்ணீரலை வீங்கவைக்கும், மூட்டுகளையும் தாக்கும். எந்த மூட்டு என்று சொல்ல முடியாமல் நாய் உடம்பு முழுக்க வலித்து அனத்தும். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்துவிட்டது என்று அங்கேயே நிறுத்திவிடாமல் ரத்தத் தட்டணுக்களையும் பார்க்க வேண்டும். உறுதியானால் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து வழக்கமாக 28 நாட்கள். பத்தாம் நாளே நாய் துள்ளினாலும் நடுவில் நிறுத்தக் கூடாது. மாத்திரையை வெறும் தொண்டையில் போடாமல் சோற்றோடு கொடுங்கள், உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும்.

இரவென்றாலும் காத்திருக்கக் கூடாத சில நிலைகள் உண்டு. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல், நிலைகொள்ளாமல் திரிந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற ஆழமான மார்புள்ள நாய்களுக்கு இந்த ஆபத்து அதிகம். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஓமத் தண்ணீர், சோடா கொடுத்துப் பார்க்க நேரமில்லை. ஈறு வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ அதே அவசரம். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள், இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் தயவுசெய்து திறக்காதீர்கள். மனிதருக்கான டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் நாயின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். மனிதருக்கான சில கபாபென்டின் (நரம்பு வலி மருந்து) சிரப்புகளில் சைலிட்டால் இனிப்பு கலந்திருக்கும், நாய்க்கு அது விஷம். அரிப்புக்காக முன்பு யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அதன்மேல் வலி மாத்திரை சேர்ந்தால் குடலில் ரத்தக்கசிவு வரலாம்.

மருத்துவமனைக்கு வரும்போது கைப்பேசியில் இரண்டு வீடியோ போதும். ஒன்று, நாய் படுப்பதைப் பக்கவாட்டிலிருந்து, அதன் உயரத்துக்குக் குனிந்து எடுத்தது. மற்றொன்று, நடந்து போவதைப் பின்னாலிருந்து எடுத்தது. பரிசோதனை மேஜையில் பயத்தில் விறைத்து நிற்கும் நாய் வலியை மறைத்துவிடும், வீடியோ மறைக்காது. எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், ரத்தப் பரிசோதனை மூன்றும் தேவைப்படலாம். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எக்ஸ்ரேயை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. முதுகெலும்பில் பெரிய எலும்பு முள் வளர்ந்தும் வலியே இல்லாத நாய்கள் உண்டு. படம் சுமாராக இருந்தும் வேதனைப்படும் நாய்களும் உண்டு. கையால் ஒவ்வொரு மூட்டையும் மடக்கி நீட்டிப் பார்ப்பதற்கு ஈடில்லை.

மூட்டு வலிதான் என்று முடிவானால் மாத்திரைக்கு இணையான மருந்து எடைக் குறைப்பு. 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை தொடர்ந்த ஆய்வு ஒன்றில், கால் பங்கு குறைவாகச் சாப்பிட்ட பிரிவின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றதற்கு 11.2 ஆண்டு. மூட்டுத் தேய்மானமும் மெலிந்த நாய்களில் தாமதமாகவே வந்தது. விலாவை விரலால் தடவினால், அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும். நெய்ச் சோறு, பிஸ்கட், தோசை ஓரம் எல்லாவற்றையும் நிறுத்தினாலே பல நாய்கள் இளைக்கும்.

தரையை மாற்றுங்கள். பளபளக்கும் டைல்ஸிலும் கிரானைட்டிலும் வழுக்காமல் நிற்கவே தசைகள் நாள் முழுக்க இறுகிக் கிடக்கின்றன. நாய் நடக்கும் பாதையில் ரப்பர் அடி கொண்ட மிதியடிகளை விரித்து, நகத்தையும் பாதத்தின் நடுவே வளர்ந்த முடியையும் வெட்டுங்கள். படுக்கைக்குக் குறைந்தது மூன்று நான்கு அங்குல அழுத்தமான ஃபோம் வேண்டும், கையால் அழுத்தினால் தரை தட்டக் கூடாது. வெயில் காலத்தில் மேலே பருத்தித் துணி விரியுங்கள், சூடாக இருந்தால் நாய் படுக்காது. ஞாயிறு மட்டும் ஒரு மணி நேரம் நடத்துவதைவிடத் தினமும் இரண்டு மூன்று முறை பத்துப் பதினைந்து நிமிடம் நடத்துவது நல்லது.

வலி மாத்திரையை நாய்க்கென உள்ளதில், எடை பார்த்து, சிறுநீரக, கல்லீரல் அளவு தெரிந்த பின்பே, உணவோடு கொடுக்க வேண்டும். வாந்தி, கறுப்பு மலம், சாப்பிட மறுப்பது இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு அழையுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில், அதே கோணத்தில் இன்னொரு வீடியோ எடுங்கள். படுக்கும் விதம் லேசாகியிருந்தால் வழி சரி. முனகல் அப்படியே இருந்தால் மாத்திரையின் அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் வயிற்றையும் மார்பையும் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.