குஸ்கோ: தொப்புளா, ஆந்தைப் பாறையா?

பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் குஸ்கோ, இன்கா பேரரசின் தலைநகராக இருந்தது என்று சொன்ன கையோடு, 'உலகின் தொப்புள்' என்பதே அப்பெயரின் பொருள் என்றும் எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. இவ்விளக்கத்தைப் பரப்பியவர், இன்கா அரசகுலப் பெண்ணுக்கும் ஸ்பானியப் படைத்தலைவருக்கும் 1539இல் அந்நகரிலேயே பிறந்த கார்சிலாசோ டெ லா வேகா. இன்கா அரசர்களின் தனிமொழியில் அச்சொல் நிலத்தின் கொப்பூழைக் குறிக்கும் என்று, 1609இல் அச்சான தம் வரலாற்று நூலில் அவர் எழுதினார். பேரரசின் நான்கு புலங்களுக்கும் செல்லும் பாதைகள் அந்நகரிலிருந்தே பிரிந்தமையால் உவமை அழகாகத்தான் பொருந்துகிறது. ஆனால், இன்கா பேரரசின் பொதுமொழியாகிய கெச்சுவாவில் தொப்புளைக் குறிக்கும் சொல் 'புப்பு'. அதற்கும் நகரின் பெயருக்கும் ஒலியளவில்கூட உறவில்லை.

மொழியியலாளர் ரொடோல்ஃபோ செர்ரோன் பலோமினோ நகர்ப்பெயரின் வேரை ஆண்டிஸ் மலையின் மற்றொரு மொழியாகிய அய்மாராவில் காண்கிறார்: 'குஸ்கு வங்கா', அதாவது ஆந்தைப் பாறை. நகர் தோன்றிய தொன்மமும் இதற்கு இசைகிறது. இன்காக்களின் முதல் அரசனாகச் சொல்லப்படும் மாங்கோ காப்பாக்கின் உடன்பிறந்தானாகிய ஆயார் அவுக்கா, சிறகு முளைத்துப் பறந்து சென்று ஒரு பாறைமேல் அமர்ந்ததும் தானே கல்லாகி, அந்த நிலத்தைத் தன் குலத்துக்கு உரிமையாக்கினான் என்கிறது அக்கதை. எனக்கு இவ்விளக்கமே வலுவாகப் படுகிறது.

தமிழில் எப்படி எழுதுவது? கிரந்தம் தவிர்த்துக் 'குசுக்கோ' என்றால் இலக்கணம் ஏற்கும். தமிழ்க் காது சிரித்துவிடும். 1990இல் நகராட்சி கெச்சுவா ஒலிப்பையொட்டிக் 'கொஸ்கோ' என்னும் வடிவத்தைக் கைக்கொண்டாலும், பரவலாக வழங்கும் 'குஸ்கோ'வே நமக்குப் போதும். பொருளே ஐயத்துக்குரியதாக இருக்கையில் 'கொப்பூழூர்' என்று பெயர்த்தல் தகாது.

பொருள் தெளிந்த பெயர்களைத் தயங்காமல் தமிழாக்கலாம். பேரரசின் பெயராகிய 'தவாந்தின்சுயு' நாற்புலம். 'கோரி' பொன், 'காஞ்சா' சுற்றுமதில் சூழ்ந்த வெளி, ஆகவே கதிரவன் கோயிலான 'கோரிகாஞ்சா' பொன்முற்றம். பொன் தகடு போர்த்திய அதன் சுவர்களை 1533இல் ஸ்பானியர் உரித்தெடுத்தனர்; பின்னர் அவற்றின் மேலேயே சாந்தோ தோமிங்கோ மடத்தைக் கட்டினர். 1950 மே மாத நிலநடுக்கத்தில் மடத்தின் பெரும்பகுதி இடிந்து சரிய, சாந்து பூசாமல் கல்லோடு கல் இழைத்து அடுக்கிய பழைய சுவர்கள் மட்டும் அசையாமல் வெளியே தெரிந்தன.