வீக்கம் வற்றினால் புண் ஆறிவிட்டது என்று யார் சொன்னது?

இந்த வாரமும் ஒரு அம்மா. பல வருடமாகச் சர்க்கரை. காலில் முள் குத்திப் பாதம் சிவந்து வீங்கியதும், மெடிக்கல் ஷாப்பில் பொட்டலமாக மடித்துக் கொடுத்த மாத்திரைகளைப் போட்டிருக்கிறார். இரண்டே நாளில் வீக்கம் வற்றியது, வலியும் குறைந்தது. சரியாகிவிட்டது என்று வயலுக்குப் போய்விட்டார். என்னிடம் வரும்போது சீழ் பாதத்தின் ஆழம் வரை போயிருந்தது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

பெயரில்லாத இந்தப் பொட்டலங்களில் டெக்ஸாமெதசோன் மாதிரி, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். எத்தனை முறைதான் சொல்வது!

வீக்கம் நோய் அல்ல. கிருமி நுழைந்த இடத்துக்கு உடம்பு ஆள் அனுப்புவதன் அடையாளம் அது. அங்கே ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அதனால் சிவப்பும் சூடும். குழாயின் சுவர் நெகிழ்ந்து நீர் கசிகிறது, அதனால் வீக்கம். அந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டு, இடுக்கு வழியாக நெளிந்து வெளியேறி, கிருமியைத் தேடிப் போய் விழுங்குபவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள். சில மணி நேரத்திலேயே வந்துவிடும். ஓரிரு நாளில் மேக்ரோஃபேஜ்கள் என்ற பெரிய வெள்ளையணுக்களும் சேர்ந்து, செத்த அணுக்களையும் சிதைந்த தசையையும் அப்புறப்படுத்தும். 1882இல் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி நட்சத்திர மீனின் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகிவிட்டு, மறுநாள் அதைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்ததைக் கண்டார். இந்த அம்மாவின் காலிலும் அதுதான் நடந்திருக்க வேண்டும்.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது? அணுக்கள் சுவரில் ஒட்டுவதையே தடுக்கிறது. ஒட்டாவிட்டால் வெளியேற முடியாது. வீக்கம் வற்றும், கிருமி அப்படியே இருக்கும். "கவுண்ட் 15,000 இருக்கே டாக்டர், எதிர்ப்பு சக்தி நல்லாத்தானே இருக்கு?" என்று மகன் கேட்டார். கவுண்ட் என்பது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களின் எண்ணிக்கை, இயல்பு 4,000 முதல் 11,000. தொற்றாலும் எண்ணிக்கை ஏறும், ஸ்டீராய்டாலும் ஏறும். சுவரோரம் இருந்தவை ரத்த ஓட்டத்தில் கலந்துவிடுவதால், பரிசோதனையில் எண்ணிக்கை கூடும். புண்ணில் வேலை செய்ய ஆள் இருக்காது. (இளம் டாக்டர்களே, கவுண்டைப் பார்க்கும் முன் என்ன மாத்திரை போட்டார் என்று கேளுங்கள்.) சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் வெள்ளையணுக்கள் ஏற்கெனவே மந்தம். ஸ்டீராய்டு சர்க்கரையை இன்னும் ஏற்றிவிடும்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று சொல்லவில்லை. ஆஸ்துமாவிலும் கடும் ஒவ்வாமையிலும் உயிர் காக்கிறது. டாக்டர் எழுதித் தந்து நீங்கள் தொடர்ந்து சாப்பிட்டு வந்தால், இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அது ஆபத்து.

அட்டையில்லாத மாத்திரையை வாங்காதீர்கள். கட்டியைப் பிதுக்காதீர்கள், காபித்தூளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பாருங்கள், கண் தெரியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால், புண் நாற்றமடித்தால் அன்றைக்கே வாருங்கள். சாப்பிட்ட பொட்டலத்தையும் தயவுசெய்து கையோடு கொண்டு வாருங்கள், யாரும் உங்களைத் திட்ட மாட்டோம்.