கள்ளிச்செடி நாய்க்கு விஷமா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “பால்கனியில் நாலைந்து கள்ளிச்செடி வைத்திருக்கிறோம். ஆறு மாத நாய்க்குட்டி எதைப் பார்த்தாலும் கடிக்கிறது. செடி விஷமா?”

‘கள்ளி’ என்ற பெயரிலேயே சிக்கல் இருக்கிறது. சங்கப் பாடல்களில் பாலை நிலத்தில் நிற்கும் கள்ளி கேக்டஸ் அல்ல. கேக்டஸ் குடும்பம் அநேகமாக முழுவதும் அமெரிக்கக் கண்டத்துச் சொத்து. கடல் தாண்டி வந்த பிறகு அதற்கும் நம் பழைய பெயரையே வைத்துவிட்டோம். சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் ஆமணக்குக் குடும்பம். ஒடித்தால் பால் வழியும். கள்ளிப்பால் எப்படிப்பட்டது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நாயின் வாய் புண்ணாகும், வாந்தி வரும். கண்ணில் பட்டால் கருவிழியே கெடலாம். பட்டுவிட்டால் பதினைந்து நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள்.

எது எந்தக் குடும்பம் என்று பார்க்க முள்ளின் அடியைக் கவனியுங்கள். கேக்டஸில் முட்கள் ஒரு சின்னப் பஞ்சுத் திட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும். பால்கள்ளியில் அந்தத் திட்டு இருக்காது.

பொதுவாக வீட்டில் வளர்க்கும் கேக்டஸ்களில் நாயைக் கொல்லும் விஷம் இல்லை. நிறைய தின்றால் நார் ஒத்துக்கொள்ளாமல் ஒன்றிரண்டு முறை வாந்தி எடுக்கும், அவ்வளவுதான். பெரிய முள் குத்தினாலும் கண்ணுக்குத் தெரியும், இடுக்கியால் எடுத்துவிடலாம்.

உண்மையான தொல்லை முள்ளே இல்லாததுபோல் தெரியும் செடியில்தான். முயல்காது மாதிரி தட்டை மடல்கள், மேலே மஞ்சள் வெல்வெட் புள்ளிகள்: சப்பாத்திக்கள்ளியின் நெருங்கிய உறவு இது. ஒவ்வொரு புள்ளியிலும் நூற்றுக்கணக்கில் குட்டி முட்கள். குளோக்கிட் என்று பெயர். உருப்பெருக்கியில் பாருங்கள்: தண்டு முழுக்கச் செதில் செதிலாக, எல்லாம் பின்பக்கம் பார்த்தபடி. காசிமேட்டில் விற்கும் தூண்டில் முள்ளின் நுனியில் ஒரே ஒரு எதிர்க்கொக்கி இருக்கும், இதில் அடுக்கடுக்காக. உள்ளே போவது சுலபம், திரும்ப வராது. அடிப்பகுதியும் பலவீனம், மூக்கு உரசினாலே கழன்றுவிடும். காலில் ஒட்டியதை நாய் நக்கும், நாக்குக்குப் போகும். எச்சில் ஒழுகுவது, சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகுவது, முன்னங்காலால் வாயைத் தேய்ப்பது எல்லாம் இதன் அறிகுறிகள். எடுக்காமல் விட்டால் நாக்கில் சிறு சிறு கட்டியாகும்.

பாதத்தில் மட்டும் என்றால், நக்காதபடி கழுத்தில் கூம்பு மாட்டி, தெரிவதை முதலில் இடுக்கியால் எடுங்கள். பிறகு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையை மெல்லத் தடவி, மேலே காஸ் துணி வைத்து, நன்றாகக் காய்ந்ததும் உரியுங்கள். ஃபெவிக்விக் கூடவே கூடாது, தோலோடு வரும். ரோமத்திலும் வாயிலும் எந்தப் பசையும் வேண்டாம். நாக்கில் குத்தியிருந்தால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க முடியும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவரிடமோ போய்விடுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

இன்னொன்று: திருஷ்டிக்கென்று வாசலில் தலைகீழாகக் கட்டும் கற்றாழை. அதனால் யார் கண்ணும் விலகாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அறுந்து விழுந்தால் குட்டியின் வாய்க்குத்தான் போகும். கற்றாழைத் தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் சாற்றிலுள்ள அலோயின், குடலில் நீரைச் சுரக்க வைத்துக் கடும் பேதியாக்கும். முயல்காதுச் செடியைப் பால்கனித் தரையிலிருந்து எடுத்து, குட்டி எட்டாத உயரத்தில் வையுங்கள். கற்றாழையை இன்றே கழற்றிவிடுங்கள்.