மலையை வெட்டும் முன் தண்ணீருக்கு வழி வையுங்கள்

நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் வீடுகளுக்கும் சிறிய கட்டடங்களுக்கும் பிளான் போட்டு வேலையை மேற்பார்வை செய்வது என் தொழில். குடிசார் பொறியியல் படித்தவன். காணியைக் காட்ட அழைத்துப்போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்குவார்கள்: "சேர், எவ்வளவு உள்ளுக்கு வெட்டலாம்?" மண் வெட்டும் இயந்திரமான பெக்கோவுக்கு மணித்தியாலக் கணக்கில் ஏற்கெனவே பேசி முடித்திருப்பார்கள். வெட்டிய மண்ணைக் கீழே தள்ளினால் முற்றமும் அகலும் என்ற கணக்கும் மனதில் இருக்கும். நான் திருப்பிக் கேட்பது இதுதான்: மேலேயிருந்து வருகிற தண்ணீர் இப்போது எந்த வழியாகப் போகிறது? வெட்டிய பிறகு எந்த வழியாகப் போகும்? முதல் கேள்விக்குப் பலருக்கும் பதில் தெரியும். இரண்டாவதற்குப் பதில் வருவது அபூர்வம்.

அபிவிருத்தியும் வேண்டும், சுற்றாடலையும் காக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். மலையகத்தில் இரண்டும் ஒத்துப்போகுமா, மோதுமா என்பது அந்த இரண்டாவது கேள்வியில்தான் தீர்மானமாகிறது. வீடோ, பாதையோ, ஹோட்டலோ, மரக்கறித் தோட்டமோ, மின் நிலையமோ எதுவானாலும் சரி, தண்ணீரின் போக்கைத் தொடாமல் இந்தச் சரிவுகளில் எதையும் செய்ய முடியாது. போக்கை மாற்றுகிறவர் புதிய வழியையும் தன் செலவிலேயே அமைத்துக் கொடுக்க வேண்டும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்விப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நம் மலைச் சரிவுகளில் பல இடங்களில் பாறைக்கு மேல் இருப்பது, காலங்காலமாக மேலேயிருந்து சரிந்து வந்து தங்கிய மண்ணும் கல்லும் கலந்த படை. காய்ந்திருக்கும்போது பார்த்தால் உறுதியாகத்தான் தெரியும். விடாமல் மழை பெய்து நீர் உள்ளே இறங்கினால், மண் துகள்களுக்கு இடையில் நீரின் அழுத்தம் கூடி அவற்றின் பிடி தளர்கிறது. மண்ணின் பாரமும் ஏறுகிறது. அந்த நேரத்தில் சரிவின் அடி வெட்டப்பட்டிருந்தால் தாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. வெட்டிய மண் வேறொரு சரிவின் தலையில் கொட்டப்பட்டிருந்தால் அங்கே தள்ளுவதற்குப் புதிய பாரம் சேர்ந்திருக்கும். பெக்கோ ஒரே பகலில் செய்துவிட்டுப் போகும் வேலை இப்படி மேலேயும் கீழேயும் மலையைப் பலவீனமாக்குகிறது. அன்றைக்கே ஒன்றும் நடந்துவிடாது. இரண்டு மூன்று மழைக்காலம் தாங்கவும் கூடும். அதனால்தான் "பக்கத்து வீட்டு அண்ணன் வெட்டினாரே, ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதத்துக்கு எப்போதும் ஓர் உதாரணம் கிடைத்துவிடுகிறது.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்தில் குடியேற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, குடியேற்றம் நடக்கவில்லை. 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் எத்தனையோ இடங்களில் மலை இறங்கியது. அப்படிப்பட்ட மழையை எந்தக் கானும், அதாவது வடிகாலும், முழுதாக வடித்துவிடாது என்பது உண்மை. அதற்காக, மனிதன் வெட்டிவைத்த இடங்களின் பங்கை மறந்துவிட்டு எல்லாவற்றையும் வானத்தின் தலையில் போட்டுவிட முடியாது.

இந்த மலைகளைக் காடாகவே கண்டவர்கள் யாரும் இன்று இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகப் பெரும்பகுதி அழிந்தது. 1869இல் இலை நோய் வந்து கோப்பி படுத்தது, அதற்குச் சற்று முன் 1867இல் லூல்கந்துரவில் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1873 அளவில் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை இனி வெட்டக்கூடாது என்று ஆங்கிலேய அரசாங்கமே ஒரு கோடு போட்டது. காடு போனால் ஆறு போகும் என்பது இலாபம் ஒன்றையே பார்த்தவர்களுக்கும் அந்த நேரத்தில் புரிந்துவிட்டது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தண்ணீர் தரும் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துக் காடுகள் இன்று மிஞ்சியிருப்பதில் அந்தக் கோட்டுக்கும் பங்கு உண்டு.

கோட்டுக்குக் கீழே காட்டின் வேலையைச் செய்யக் கான்களை வெட்டினார்கள். வெட்டியவர்கள் நம் ஆட்கள். சரிவுக்குக் குறுக்கே, மிக மெல்லிய சாய்வோடு, இடையிடையே மண் தங்குவதற்கு அணை விட்டு வெட்டிய கான்கள் மழைநீரின் வேகத்தைக் குறைத்து, கல் பதித்த பெரிய கான் வழியாக ஓடைக்குக் கொண்டுசேர்த்தன. கான் வெட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள், அது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிற வேலை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போன பிறகு, செலவைக் குறைக்கும்போது முதலில் கைவிடப்படும் வேலைகளில் இதுவும் சேர்ந்துகொண்டதைப் பல தோட்டங்களில் பார்க்கிறேன். அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் எனக்கு மலையைச் சுற்றிக் காட்டிய பெரியவர் ஒருவர், இளமையில் கான் வெட்டியவர். மானாப்புல் மூடிக்கிடந்த ஒரு பள்ளத்தைக் கம்பால் விலக்கிக் காட்டி, "இதுதான் தம்பி பெரிய கான். இது அடைச்ச பிறகுதான் கீழ் லயத்துச் சுவரு ஊற ஆரம்பிச்சிச்சு" என்றார். அளவுக் கருவியோடு அரை நாள் நடந்து நான் வரைந்த படமும் அவர் சொன்னதையே சொன்னது. அந்த லயத்துக்குப் புதுக் கூரை போட ஒரு திட்டம் இருந்தது, அந்தக் கானைத் திறக்கத் திட்டம் எதிலும் பணம் ஒதுக்கப்படவில்லை.

பாதைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் அபிவிருத்தி பெரும்பாலும் பாதையாகத்தான் வந்து சேர்கிறது. பதுளை மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாதையை அகலமாக்கிக் கொங்கிறீட் போட்டார்கள். பிள்ளைகள் பாடசாலைக்குப் போகவும், நோயாளியை முச்சக்கர வண்டியில் ஏற்றவும் அந்தப் பாதை தேவை, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் மண் பாதையாக இருந்தபோது அங்கங்கே சிதறி இறங்கிய தண்ணீர் இப்போது கொங்கிறீட்டில் சேர்ந்து ஓடி, ஒரே மதகின் வழியாக, வீடுகள் இருக்கிற சரிவின் தலையில் கொட்டியது. மதகோடு ஒப்பந்தக்காரரின் வேலை முடிந்துவிட்டது. அதற்குக் கீழே ஓடை வரைக்கும் ஒரு படிக் கான் தேவைப்பட்டது. படிப்படியாகக் கருங்கல் பதித்தால் தண்ணீர் ஒவ்வொரு படியிலும் வேகம் இழந்து, மண்ணை அரிக்காமல் இறங்கும். பாதைக்கு ஆன செலவோடு பார்த்தால் அது சிறு தொகை. ஆனால் மதிப்பீட்டில் பாதை பாதையின் ஓரத்தோடு முடிகிறது. மலையில் பாதை என்பது, அதன் தண்ணீர் ஓடையைத் தொடும் இடத்தில்தான் முடிய வேண்டும். மதிப்பீடு தயாரிக்கும் என் தொழில்துறை நண்பர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

வீட்டுக்கும் அதே கணக்கு. 500 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் சுமார் 4,600 லீட்டர் தண்ணீர். ஒரே சரிவில் பத்து வீடுகள் என்றால் 46,000 லீட்டர். கூரைக்குப் பீலி இல்லாவிட்டால் அவ்வளவும் அத்திவாரத்தின் ஓரத்திலேயே விழுந்து மண்ணுக்குள் இறங்கும். அதைவிட நம் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் ஒன்று இருக்கிறது: மலசலகூடக் குழியின் தண்ணீர். மழை இல்லாத மாதங்களிலும் அது நாள் தவறாமல் சரிவுக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். எல்லவிலும் நுவரெலியாவிலும் காட்சி பார்க்கச் சரிவின் விளிம்பில் எழும்பும் பல மாடிக் கட்டடங்களில் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி மாடிகளின் எண்ணிக்கையைப் பற்றியதாக இருக்காது. இத்தனை அறைகளின் கழிவுநீர் எந்த மண்ணுக்குள் போகிறது, அந்த மண்ணுக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதுதான்.

வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டை மலைக்கு ஏற்பப் படியாக அமைத்தால் வெட்டு பாதியாகக் குறையும்: முன் அறை கீழ்த் தட்டில், சமையலறை மூன்றடி உயரத்தில். வயதானவர்களுக்கு நடுவில் படி இடைஞ்சல் என்று சொல்வார்கள், அது நியாயமான முறைப்பாடுதான், கைபிடி வைத்துச் சமாளிக்கலாம். வெட்டிய முகத்தைச் செங்குத்தாக விடாமல் சாய்த்து வெட்டி, புல் பிடிக்க வைக்க வேண்டும். வெட்டுக்கும் பின்சுவருக்கும் இடையில் ஆள் நடமாடும் அளவு இடைவெளியும், அதில் ஒரு கானும் வேண்டும். தாங்குசுவர் கட்டினால் அதற்குப் பின்னால் சல்லி நிரப்பி, சுவரில் நீர் வெளியேறத் துளைக் குழாய்கள் விட வேண்டும். "குழாய் வைத்தால் சுவர் அழுக்காகும்" என்று அதைத் தவிர்க்கும் பாஸ்மார்களைக் கண்டிருக்கிறேன். துளையில்லாத சுவர், பின்னால் தேங்கிய தண்ணீரின் பாரத்தோடு சேர்ந்து விழும்.

மரக்கறிக் காணிகளைப் பற்றியும் இதையேதான் சொல்ல முடியும். கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கங்களில் உருளைக்கிழங்குக்கும் கரட்டுக்கும் சரிவோடு மேலிருந்து கீழாகப் பாத்தி பிடிப்பது வழக்கமாகிவிட்டது. தண்ணீர் சீக்கிரம் வடியும், கிழங்கு அழுகாது என்பது விவசாயியின் நியாயம். வடிகிற தண்ணீரோடு மேல்மண்ணும், காசு கொடுத்து வாங்கிய உரமும் சேர்ந்து போகின்றன. அவை முதலில் அயல் லயத்து ஊற்றுப் பீலித் தண்ணீரில் கலக்கும், மிச்சம் ஆற்றோடு போய் ரந்தெம்பே போன்ற நீர்த்தேக்கங்களில் சேறாகப் படியும். இதற்கெனவே மண் பாதுகாப்புச் சட்டம் ஒன்று 1951ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது.

பெரிய திட்டங்களுக்கு வந்தால், இரண்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தலவாக்கலையில் 150 மெகாவாற் மேல் கொத்மலைத் திட்டம் நீண்டகால எதிர்ப்புக்கும் விவாதத்துக்கும் பிறகு, முதலில் நினைத்த வடிவம் சுருக்கப்பட்டு, பகல் நேரத்தில் சென் கிளேயர் அருவிக்கு ஓரளவு தண்ணீர் விட வேண்டும் என்ற நிபந்தனையோடு 2012இல் இயங்கத் தொடங்கியது. அருவி பழைய அருவி இல்லைதான். ஆனாலும் மக்கள் கேள்வி கேட்டதால் ஒரு திட்டம் மாறியது என்பதற்கு அது சாட்சி. உமா ஓயாத் திட்டத்தில் 15 கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்கம் தோண்டும்போது, 2014 இறுதியில் நிலத்தடி நீர் உள்ளே பாய்ந்தது. பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 120 மெகாவாற் மின்சாரம் இன்று நாட்டுக்குக் கிடைக்கிறது, தெற்கே வயலுக்குத் தண்ணீர் போகிறது. கிணற்றை இழந்தவர்கள் மேலே இருக்கிறார்கள். நன்மை ஓரிடத்தில், பாரம் இன்னோரிடத்தில் என்று பிரிந்துபோகும் திட்டத்தை நிலைபேறானது என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இதே நியாயத்தைக் காணி விடயத்திலும் கேட்க வேண்டும். தோட்டத்தில் தனி வீட்டுக்கு ஒரு குடும்பத்துக்குப் பல திட்டங்களில் ஒதுக்கிவந்தது 7 பேர்ச். ஏறத்தாழ 1,900 சதுர அடி. சமதரையில் அது போதும் என்று வைத்துக்கொள்ளலாம். சரிவில் அதற்குள்ளேயே வீடும், வெட்டும், கானும், மலசலகூடமும், நாளைக்கு மகன் கல்யாணம் முடித்தால் ஓர் அறையும் அடங்க வேண்டும். அப்படிப்பட்டவரிடம் போய் "மலையை வெட்டாதீர்கள்" என்று சுற்றாடல் பாடம் எடுப்பது அநியாயம். வீட்டுக்குக் காணி தேடும்போது தேயிலை சரியாக விளையாத, கல்லும் ஊற்றும் நிறைந்த துண்டுகள்தான் பல முறை முன்னால் வருகின்றன. சாய்வு குறைந்த, நல்ல தேயிலை நிற்கிற ஒரு மலையை வீடுகளுக்காக விட்டுக்கொடுக்கத் தோட்ட நிர்வாகங்களும் அரசாங்கமும் முன்வர வேண்டும். விட்டுப்போகிற செங்குத்தான துண்டுகளில் மரம் வளரட்டும். அதுவும் ஊற்றுக்குப் பக்கத்தில் என்றால் யூகலிப்டஸ் வேண்டாம், அது தண்ணீரை மிகுதியாக உறிஞ்சும் மரம்.

காணி கிடைக்கும்வரை இருக்கிற இடத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். நிலத்தில் புதிதாக வெடிப்பு, சாயத் தொடங்கும் மரம் அல்லது மின்கம்பம், திடீரென்று இறுகிக்கொள்ளும் கதவு, புது இடத்தில் கிளம்பும் ஊற்று, வழக்கமான பீலியில் கலங்கி வரும் அல்லது சட்டென்று நின்றுபோகும் தண்ணீர் இவற்றில் எதைக் கண்டாலும் கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். மழை நேரம் என்றால் சொல்லிவிட்டு அங்கேயே காத்திருக்காமல் வெளியேறுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் கவனமாக இருக்க வேண்டும், 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினால் அங்கே இருக்கவே கூடாது. மேலும் கீழும் ஒரே அகலமுள்ள ஒரு போத்தலும் அடிமட்டமும் இருந்தால் இதை லயத்திலேயே அளந்துவிடலாம். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்த ஒரு தோட்டத்தை எனக்குத் தெரியும். அவர்கள் அளவைச் சுவரில் எழுதிவைக்கிறார்கள், கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் அதைப் பார்த்துவிட்டே மலைக்கு ஏறுகிறார்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் பெக்கோவுக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள். வெட்டிய பிறகு வரும் அறிக்கையால் மண்ணைத் திரும்ப வைக்க முடியாது. கான் விடயத்துக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்கும் செலவு செய்யலாம். ஆகவே, வாக்குக் கேட்டு வந்த உறுப்பினரிடம் வீதி விளக்கோடு சேர்த்து மேல் மலைக் கானையும் கேளுங்கள். தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதத்தையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பெப்ரவரி மாதம் மலை காய்ந்திருக்கும்போது கேட்டால்தான் ஏப்ரல் மழைக்கு முன் வேலை முடியும்.