மெயில் அனுப்பும் நிரலில் சான்றிதழ் பிழை: எங்கே பார்ப்பது?

சோழிங்கநல்லூர் அலுவலகத்தில் கன்டெய்னருக்குள் (நிரலை அதற்குத் தேவையானவற்றோடு தனியாகக் கட்டி ஓட்டும் பெட்டி) ஓடும் பைதான் நிரல், மெயில் அனுப்பப் போகும்போது 'சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்ட்' என்று நின்றுவிடுகிறது. அதாவது, மெயில் சர்வர் தான் யார் என்று காட்ட நீட்டும் சான்றிதழை நிரலால் சரிபார்க்க முடியவில்லை. அதே கன்டெய்னர் தாம்பரத்தில் வீட்டு வைஃபையில் ஒழுங்காக ஓடுகிறது. பலர் உடனே சரிபார்ப்பை அணைத்துவிடுவார்கள். மெயில் போகும்தான், ஆனால் எதிரே இருப்பது யார் என்று தெரியாமலே பாஸ்வேர்டைக் கொடுக்கிறோம்.

மெயில் சர்வரின் 465 போர்ட்டில் (இணைப்பு நுழையும் வாசல் எண்) தொடக்கத்திலேயே டிஎல்எஸ் என்ற மறையாக்கம் வந்துவிடும்; 587இல் பேச்சு வெளிப்படையாகத் தொடங்கி, 'ஸ்டார்ட்டிஎல்எஸ்' கட்டளைக்குப் பிறகு டிஎல்எஸ்ஸுக்கு மாறும். எப்படியானாலும் சர்வர் தன் சான்றிதழை நீட்டும். நிரல் தேதியையும் பெயரையும் கையெழுத்தையும் பார்க்கும். எது இடறியது என்பது பிழைச் செய்தியின் கடைசி வரியில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை!

காலாவதி என்றால் புதுப்பித்தால் போதும். பெயர் பொருந்தவில்லை என்றால், பெரும்பாலும் உங்கள் டொமைன் பெயரில் இணைகிறீர்கள், சான்றிதழோ ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. அவர்கள் தரும் சர்வர் பெயரையே போடுங்கள்.

தலைவலி தருவது கையெழுத்துதான். நம் கணினி முன்பே நம்பும் வேர்ச் சான்றிதழ் ஓர் இடைச் சான்றிதழுக்கும், அது சர்வரின் சான்றிதழுக்கும் கையெழுத்திடும். வேர் மட்டுமே நம் கணினியில் இருக்கும். இடைச் சான்றிதழைச் சர்வர்தான் அனுப்ப வேண்டும். அட்மின் அதை விட்டுவிட்டாலும் பிரவுசர்கள் பல சமயம் தாமே தேடி எடுத்துக்கொள்ளும். பைதான் தேடாது. வேரே மாறிப்போவதும் உண்டு: இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் நம்பியிருந்த பழைய வேர் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, டிஎல்எஸ் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல்லின் 1.0.2 பதிப்பு இருந்த பல பழைய சர்வர்கள் சரியான சான்றிதழையே மறுத்தன.

சரி, சோழிங்கநல்லூரில் மட்டும் ஏன்? சில அலுவலக ஃபயர்வால்கள் (நெட்வொர்க்கின் காவல் கருவிகள்) இணைப்பை நடுவில் பிரித்துப் பார்த்து, தங்கள் சொந்த வேரால் கையெழுத்திட்ட வேறொரு சான்றிதழைத் தருகின்றன. லேப்டாப்பில் ஐடி துறை அந்த வேரைப் போட்டிருக்கும். கன்டெய்னருக்கு அது தெரியாது. ஓபன்எஸ்எஸ்எல்லின் 'எஸ்_கிளையன்ட்' கட்டளையை இரு இடங்களிலும் ஓட்டி, 'இஷ்யூவர்' (சான்றிதழைத் தந்தவர்) வரியை ஒப்பிடுங்கள். பெயர் மாறினால் ஃபயர்வால்மீதுதான் சந்தேகம். ஐடி துறையிடம் வேரைக் கேட்டு வாங்கி, கன்டெய்னரின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், பிழையே வராத நிரல்களையும் பார்த்துவிடுங்கள். பைதானின் மெயில் அனுப்பும் நூலகமான எஸ்எம்டிபிலிப்பில் ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸை 'கான்டெக்ஸ்ட்' (டிஎல்எஸ் அமைப்புகள்) தராமல் அழைத்தால் அது எதையும் சரிபார்ப்பதே இல்லை.