நியூயார்க் சிறப்புக் கல்விக் குழுவில் பெற்றோர் உறுப்பினராகச் சேர்வது எப்படி?

நியூயார்க் மாநிலத்தில், மாற்றுத்திறன் கொண்ட ஒரு மாணவருக்கு எந்த வகை வகுப்பு, என்னென்ன சிகிச்சைகள், வாரத்துக்கு எவ்வளவு நேரம் என்பவற்றையெல்லாம் முடிவுசெய்து அவருக்கான ஐ.இ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டத்தை எழுதுவது, அவர் வசிக்கும் பள்ளி மாவட்டத்தின் சிறப்புக் கல்விக் குழுவாகும். 1975-இல் இயற்றப்பட்டு 1990-இல் ‘ஐடியா’ (மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம்) என்று பெயர் மாற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டத்தின்படி, அந்த மாணவரின் பெற்றோரும் இக்குழுவில் முழு உறுப்பினர்கள். நியூயார்க் மாநிலச் சட்டம் இதற்கு மேலும் ஓர் இருக்கையைச் சேர்த்திருக்கிறது. அது, அந்தக் குடும்பத்தைச் சேராத, ஆனால் இதே வழியில் தம் பிள்ளையை அழைத்துச் சென்று பழகிய இன்னொரு பெற்றோருக்கு உரியது. அவரே ‘கூடுதல் பெற்றோர் உறுப்பினர்’.

அந்த மாவட்டத்திலோ அண்டை மாவட்டத்திலோ வசிக்கும், மாற்றுத்திறன் கொண்ட மாணவரின் தாயோ தந்தையோ இதற்கு முன்வரலாம். பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி இனித் தேவையில்லை என்று முடிவாகியிருந்தாலும், பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டிருந்தாலும், அதன்பின் 5 ஆண்டுகள் வரை தகுதி நீடிக்கும். மாவட்டத்தில் ஊழியராகவோ ஒப்பந்தத்தின் கீழோ பணிபுரிபவர் இந்த இருக்கையில் அமர முடியாது. பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்கான முன்பள்ளிச் சிறப்புக் கல்விக் குழு தனியானது. அதில் அமர்பவரின் பிள்ளை முன்பள்ளியிலோ தொடக்கப்பள்ளியிலோ படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

விருப்பத்தை மாவட்டச் சிறப்புக் கல்வி அலுவலகத்துக்கோ குழுத் தலைவருக்கோ எழுதித் தெரிவித்தால் போதும். நியமிப்பது கல்வி வாரியம். நியூயார்க் நகரத்துக்கு வெளியே உள்ள பெரும்பாலான மாவட்டங்களில் ஜூலை மாத மறுசீரமைப்புக் கூட்டத்தில் இந்த நியமனங்கள் நடைபெறுவதால், வசந்த காலத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

நியமனம் பெற்ற பிறகும் அழைப்பு வராமலே இருக்கக்கூடும் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். மாணவரின் பெற்றோரோ, மாணவரோ, குழு உறுப்பினர் ஒருவரோ கூட்டத்துக்குக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் கேட்டால்தான் கூடுதல் பெற்றோர் உறுப்பினர் அழைக்கப்பட வேண்டும். கேட்காவிட்டால் அந்த இருக்கை காலியாக இருப்பதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. கூட்ட அறிவிப்பு குறைந்தது 5 நாள்களுக்கு முன் பெற்றோருக்குச் சேர வேண்டும் என்பதும் விதி. அறிவிப்பு கடைசி நாளில் வந்து சேர்ந்தால், படித்து, யோசித்து, கேட்டு எழுதுவதற்கு மிஞ்சுவது இரண்டே நாள்கள். அதில் சனி, ஞாயிறு வந்துவிட்டால் இன்னும் சிரமம். இந்த உரிமையைப் பற்றிய தகவல் அறிவிப்பிலேயே இருக்கும், ஆனால் பல பக்கத் தாள்களுக்கு நடுவே அது கண்ணில் படுவது அரிது. ஆகவே, “எங்கள் பிள்ளைக்கான கூட்டத்தில் கூடுதல் பெற்றோர் உறுப்பினர் பங்கேற்க வேண்டும்” என்ற ஒற்றை வரியைத் தேதியிட்டு மின்னஞ்சலில் அனுப்பிவிடுமாறு அக்கம்பக்கத்துக் குடும்பங்களிடம் சொல்லி வைப்பதே, தொண்டாற்ற வருபவரின் முதல் வேலை என்பேன்.

கூட்டத்தில் அவர் பார்வையாளர் அல்லர்; விவாதத்திலும் முடிவெடுப்பதிலும் பங்குள்ளவர். உளவியலாளரும் ஆசிரியர்களும் தமக்குப் பழகிய சுருக்கங்களில் வேகமாகப் பேசிச் செல்லும்போது, புதிதாக வந்த பெற்றோர் புரியாமலே தலையாட்டிவிடுவதுண்டு. “12:1:1 வகுப்பைப் பரிந்துரைக்கிறோம்” என்று சொல்லப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர், ஒரு துணைப் பணியாளர், அதிகபட்சம் 12 மாணவர்கள் என்பதே அதன் பொருள். 8:1:1 என்பது இன்னும் தீவிரமான கவனிப்பு தேவைப்படும் மாணவர்களுக்கானது. ஏன் இது, ஏன் அது இல்லை என்று அந்த இடத்திலேயே நிறுத்திக் கேட்க, அனுபவப்பட்ட ஒருவர் வேண்டும். பேச்சுச் சிகிச்சை வாரம் 3 முறை, 30 நிமிடம், குழுவாக என்று எழுதப்பட்டால், குழுவில் எத்தனை பேர் என்று கேட்பதும் அப்படிப்பட்ட ஒரு கேள்விதான்.

இங்கு வாக்கெடுப்பு கிடையாது. கலந்து பேசி ஒருமித்த முடிவுக்கு வர வேண்டும். ஒத்துவராவிட்டால் மாவட்டம் தன் முடிவைக் காரணங்களுடன் எழுத்தில் தர வேண்டும். பெற்றோர் சமரசப் பேச்சையோ நடுநிலை விசாரணையையோ கோரலாம். பெற்றோர் உறுப்பினருக்கு முடிவைத் தடுக்கும் அதிகாரமில்லை. அவர் குடும்பத்தின் வழக்கறிஞரும் அல்லர், மாவட்டத்தின் பிரதிநிதியும் அல்லர். பிள்ளையை நன்கு அறிந்தவரையோ துறை அறிவுள்ளவரையோ குடும்பம் தானே அழைத்து வரும் உரிமை இதிலிருந்து வேறுபட்டது; இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தலாம்.

கூட்டத்தில் பார்க்கும் மதிப்பீட்டு அறிக்கைகள் 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவேடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அறையில் கேட்டது அறைக்கு வெளியே போகக் கூடாது. தமிழ்க் குடும்பங்கள் கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் ஒருவரையொருவர் அடிக்கடி பார்த்துக்கொள்ளும், நியூயார்க் நகரின் குயின்ஸ் போன்ற இடங்களில் இது குறித்துக் கூடுதல் எச்சரிக்கை தேவை. தமிழ் தெரிந்த பெற்றோர் உறுப்பினர் இருக்கிறார் என்பதற்காக அவரையே மொழிபெயர்க்கச் சொல்வதும் முறையன்று. பெற்றோருக்குப் புரியும் வகையில் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது மாவட்டத்தின் கடமை. அதையும் கூட்டத்துக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும்.

முழுக்குழுவுக்குப் பதிலாகக் கூடும் சிறிய துணைக்குழுவின் கூட்டங்களில் இந்த இருக்கை கட்டாயமில்லை. ஆனால் துணைக்குழுவின் முடிவு ஒன்றில் பெற்றோருக்கு உடன்பாடில்லை என்றால், எழுத்தில் கேட்டு அதை முழுக்குழுவுக்கு அனுப்பச் செய்யலாம்; அதோடு கூடுதல் பெற்றோர் உறுப்பினருக்கான கோரிக்கையையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடலாம்.